கை வைக்காத வைத்தியம் படிக்கப் போனது

1. பாதியில் வந்த எச்சரிக்கை

"பிரச்சினை உங்க ரெண்டு கையும்தான்" என்றார் ஹெலன். என் வேலைப் பயிற்சிக்கு அவர்தான் மேற்பார்வையாளர். இங்கிலாந்தின் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் அறையில் உட்கார்ந்திருந்தோம். "இப்படியே போனா உங்களை என்னால பாஸ் பண்ண முடியாது" என்று அடுத்ததாகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்த ஊரில் யாரும் உயர்த்துவதில்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

பயிற்சியில் ஃபெயிலானால் முதுகலைப் படிப்பு அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகத் தொழில் பார்த்துவிட்டுப் போனவள் நான். என் வாயைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். கையைக் குறை சொன்னவர் யாருமில்லை.

"மேடம், வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்குப் போகலாமா?" என்று என்னைக் கேட்கிற ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி, படித்த பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விசாவுக்கும் ஆங்கிலப் பரீட்சைக்கும் வழி சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அங்கே போய் எதில் உதை வாங்கினேன் என்பதை.

2. திருச்செங்கோட்டில் என் கைக்கு இருந்த மரியாதை

எங்கள் தொழில் பலருக்குப் புரியாது. பக்கவாதம் வந்தவர், கையில் அடிபட்டவர் மறுபடி தானே சட்டை போட்டு, தானே சோறு பிசைந்து சாப்பிட்டு, முடிந்தால் தொழிலுக்கும் திரும்பப் பழக்குவது எங்கள் வேலை. ஊரில் என் பெயர் எக்சசைஸ் டாக்டரம்மா. திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வெல் ரிக்கில் பைப் இறக்கும்போது விரல் நசுங்கியவர்கள் வருவார்கள். குமாரபாளையத்திலிருந்து விசைத்தறிக்காரர்கள் வருவார்கள். லாரி ஓட்டி ஓட்டி பி.பி. ஏறி ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்கள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு: டாக்டரம்மா கை வைக்க வேண்டும். பிடித்து, நீவி, மடக்கி, நீட்டி விட வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ரிக் ஓனர் தன் அம்மாவைக் கூட்டி வந்தார். படித்த படிப்புப்படி அந்த அம்மாவின் கையில் சீப்பைக் கொடுத்துத் தலைவாரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஓனர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏனுங்க, இதைய எங்கூட்லயே பண்ணிக்குவமே. இதுக்கு நீங்க எதுக்குங்க?" என்றார். அடுத்த வாரம் அவர்கள் வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. நானும் புத்திசாலி ஆனேன். அதன் பிறகு என் கை சும்மா இருந்ததே இல்லை. பட்டன் போட்டுவிடுவேன், டம்ளரைத் தாங்கிப் பிடிப்பேன், முழங்கையை ஏந்திக்கொள்வேன். கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. என் முன்னால் டம்ளரைத் தூக்குகிறவர் வீட்டில் தூக்குவதில்லை. "இங்க வந்தா நல்லாப் பண்றாருங்க, ஊட்டுக்குப் போனா அதே கதைதானுங்க" என்று வீட்டம்மா சொல்வார். ஒருவர் சொன்னால் அவர் சோம்பேறி என்று விடலாம். எல்லோரும் சொன்னால்? எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை நான். கிடைத்த இதழ்களையெல்லாம் படித்தேன், இருக்கிற இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் லோகநாதன் நாமக்கல்லில் கோழித்தீவன மில்லில் மேனேஜர். "போய்ப் படிச்சுட்டு வா. இங்க உக்காந்து நகத்தைக் கடிக்கறத அங்க போய்க் கடி" என்றார். மகளை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்பிவிட்டேன்.

3. ஷீலாவும் கெட்டிலும்

படிப்பின் ஒரு பகுதி ஆஸ்பத்திரி வேலை. அங்கே எனக்குக் கொடுக்கப்பட்ட நோயாளி ஷீலா. பேரைக் கேட்டதும் நம்மூர்ப் பெண் என்று ஆசையாகப் போனால், வெள்ளைக்காரப் பெண்மணி, ஆள் வாட்டசாட்டம். டவுன் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். தனியாக வாழ்கிறவர். பக்கவாதத்தில் வலது பக்கம் பலவீனமாகியிருந்தது. அவர் பேசியது அந்தப் பக்கத்து இங்கிலீஷ், வாக்கியத்துக்கு வாக்கியம் "லவ்" என்று அழைப்பார். அதை என் காது "கண்ணு" என்றுதான் எடுத்துக்கொண்டது. அவர் பேச்சு முழுக்கவே எனக்கு எங்க ஊர்ப் பேச்சாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஷீலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "எம்பட ஊட்டுக்குப் போகோணும்." பார்க்கிறபோதெல்லாம் அதையே சொல்வார். தனியாகச் சமாளிப்பார் என்று தெரிந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் முதியோர் இல்லம். சமாளிப்பாரா என்று பார்க்க அங்கே கிச்சன் அசெஸ்மென்ட் என்று ஒன்று உண்டு. வார்டை ஒட்டியே ஒரு சின்னச் சமையலறை. நோயாளி அங்கே ஒரு கப் டீ போட வேண்டும். நாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் நினைத்ததுதான் கோளாறு. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறோம். வயதில் மூத்தவர், கை நடுங்குகிறவர், அடுப்படியில் டீ வைக்கிறார். வந்த பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் என்ன ஆகும்? "எவ வளத்தா இவள?" என்று அந்தப் பேச்சு அவள் பிறந்த ஊர் வரைக்கும் போகும். பெரியவர் பாத்திரத்தைத் தூக்கினால் நம் கை அதன் அடியில் போய்விட வேண்டும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

ஷீலா கெட்டிலைத் தூக்கினார், அது ஆடியது. என் கை போய்விட்டது. பால் பாட்டில் மூடி திரும்பவில்லை, நான் திறந்தேன். டீ பேக் கீழே விழுந்தது, அவர் குனிவதற்குள் எடுத்துவிட்டேன். சர்க்கரை சிந்தியது, துடைத்தேன். கொதிநீரை ஊற்றும்போது கெட்டிலை இரண்டு பேருமாகப் பிடித்திருந்தோம். டீ நன்றாகவே வந்தது. ஷீலா அதைத் தள்ளி வைத்துவிட்டார், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பிள்ளையாக நடந்ததை நடந்தபடி எழுதினேன். கெட்டில் தூக்க உதவி தேவை, மூடி திறக்க உதவி தேவை, குனிந்து எடுக்க உதவி தேவை, ஊற்ற உதவி தேவை.

அடுத்து வந்த வார்டு மீட்டிங்கில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லோரும் கேட்டார்கள். ஒரு கப் டீக்கே இவ்வளவு உதவி வேண்டுமென்றால் தனியாக எப்படி இருப்பார் என்று பேசினார்கள். முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அவருக்கு உதவி தேவைப்பட்டதா என்று எனக்கே தெரியாது. நான் கொடுத்தேன் என்பதுதான் தெரியும்.

ஷீலாவிடம் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வந்தது தெரிந்து, திரும்பாமலே கேட்டார்: "ஏங்கண்ணு, நான் உன்னையக் கேட்டனா?"

அன்றைக்கு மத்தியானம்தான் ஹெலன் என்னைக் கூப்பிட்டு என் கைகளைப் பற்றிச் சொன்னார்.

4. உட்காரப் பழகியது

கோபம் அடங்கியதும் ஹெலனிடம் திரும்பப் போனேன். இன்னொரு அசெஸ்மென்ட் வேண்டும் என்று கேட்டேன். எனக்காக இல்லை, ஷீலாவுக்காக என்றேன். பாதி பொய். ஹெலன் யோசித்துச் சம்மதித்தார், ஆனால் தானும் கூடவே உட்காருவேன் என்றார். "நெருப்பு, மேல கொதிநீர் கொட்டுறது, ஆள் விழறது. இந்த மூணுதான் ஆபத்து. மத்ததெல்லாம் வெறும் சிரமம். சிரமத்துக்கு நீங்க எழுந்திருக்கக் கூடாது" என்றார். இதை நீங்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். நான் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நடுவில் இருந்த நாட்களில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. படிக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. கடற்கரைக்கு நடந்து போவேன், காற்று தள்ளும், திரும்பி வருவேன். நான் போட்ட முடிச்சில் இன்னொருத்தி வீடு இழந்துவிடுவாளோ என்கிற நினைப்பு சோறு இறங்க விடவில்லை. ஹாஸ்டல் சமையலறையில் பக்கத்து அறைப் பையன் வெங்காயம் நறுக்குவான். கத்தியை அவன் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் நம் வீட்டில் யாருக்கும் கை துறுதுறுக்கும். அவனெதிரே நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்து பழகினேன். அவனுக்கு என்மேல் என்ன சந்தேகம் வந்ததோ, நேரத்தை மாற்றிக்கொண்டான்.

லோகநாதனிடம் போனில் புலம்பினேன். "ஏம்புள்ள, கைய எங்க வெக்கறதுன்னு தெரீலீன்னா தொடைக்கு அடியில போட்டு உக்காந்துக்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதையே செய்தேன்.

இரண்டாவது அசெஸ்மென்ட் அன்று ஷீலா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கெட்டிலிடம் போனார். தூக்கிப் பார்த்தார், ஆடியது, வைத்துவிட்டார். நின்று யோசித்தார். பிறகு ஒரு கப்பை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கெட்டிலில் ஊற்றினார். பால் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகினார். பாதிப் பால் பாவாடையில். பஸ் ஸ்டாண்டில் மட்டும் கேட்கக்கூடிய ஒரு வார்த்தை சொன்னார். டீ பேக் விழுந்தது. காலால் அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வேறொன்று எடுத்தார். எனக்கு அது தோன்றியிருக்காது.

கெட்டில் கொதித்து அணைந்தது. இதுதான் இடம். என் உள்ளங்கைகள் தொடைக்கடியில் வேர்த்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டன. ஹெலன் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரியும். ஷீலா கெட்டிலைத் தூக்கவே இல்லை. கப்பைக் கழுவுதொட்டிக்குள் வைத்தார். கெட்டிலை மேடைமேலேயே தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுவந்து, மெல்லச் சாய்த்தார். கொஞ்சம் கப்பில் விழுந்தது, கொஞ்சம் தொட்டியில் போயிற்று. அவர் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. முதல் தடவை இதை ஏன் நான் பார்க்கவில்லை என்றால், அதுவரை போக நான் விடவில்லை.

போட்ட டீயை அங்கேயே நின்று அவரே குடித்தார். எனக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. நியாயம்தான்.

5. சட்டைக் கைக்குள் மறைத்த கொப்புளம்

இந்தத் தடவை எழுதியதைப் படித்ததும் மீட்டிங்கில் முடிவு மாறியது, ஷீலா வீட்டுக்குப் போனார். என் பயிற்சி முடிவதற்குள் அவரை வீட்டில் போய்ப் பார்க்கச் சொன்னார் ஹெலன். கதவைத் திறந்தது பழைய ஷீலா, வாய் நிறையப் பேச்சு. ஆனால் வலது கையை மட்டும் கம்பளிச் சட்டைக்குள் இழுத்து வைத்திருந்தார். பத்து வருஷம் கைகளையே பார்த்துப் பிழைத்தவளிடமா? காட்டச் சொன்னேன். மணிக்கட்டுக்கு மேலே தண்ணீர் கோத்த கொப்புளம், அதைப் பாதி மறைத்துக் கோணல்மாணலாக ஒரு துணிக்கட்டு.

நான் கையைக் கட்டி உட்கார்ந்த பலன் இது என்றுதான் தோன்றியது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எழுதப் போறியா?" என்றார்.

"எழுதித்தான் ஆகணும்" என்றேன்.

"எழுதுனா அந்த இல்லத்துக்குக் கொண்டு போயிருவாங்கல்ல கண்ணு."

அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டிய பெண்மணி, திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தன் வீட்டில் தன் கையைச் சுட்டுக்கொண்டதற்கு! எழாமல் உட்கார்ந்து, எப்படி ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். ஊற்றும்போது போன் அடித்திருக்கிறது, அவசரப்பட்டிருக்கிறார். உடனே குழாயைத் திறந்து கையைக் குளிர்ந்த தண்ணீரில் நீட்டியிருக்கிறார். இடது கையாலேயே கட்டுப் போட்டிருக்கிறார். கெட்டிலை வைத்தபடியே சாய்க்க உதவுகிற ஒரு கம்பி ஸ்டாண்டு உண்டு, அதை முன்பே தருவதாகச் சொன்னபோது ஆஸ்பத்திரிச் சாமான் தன் வீட்டில் வேண்டாம் என்று மறுத்தவர். இப்போது வேண்டுமா என்று கேட்டேன். முறைத்தார். பிறகு, யாராவது வந்தால் அலமாரிக்குள் ஒளித்துவைத்துக்கொள்ளலாமா என்றார். தாராளமாக என்றேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன், கொப்புளம் உட்பட. கடைசியில், அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஹெலன் படித்துவிட்டு, இது மறுபடி நடந்தால் என்ன என்று கேட்டார். நடக்கலாம் என்றேன். தெரிந்துமா இப்படி எழுதுகிறீர்கள் என்றார். ஆமாம் என்றேன். ஹெலன் பரிந்துரையை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். ஷீலா வீட்டிலேயே இருந்தார். நான் பாஸானேன். ஆனால் நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். அந்த ஊரை விட்டுக் கிளம்பும் வரை ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தத் தெருப்பக்கம் போகிறது என்று காது கொடுத்தபடிதான் இருந்தேன்.

6. பரமத்தி வேலூரில் கேட்ட கேள்வி

திரும்பி வந்து கிளினிக்கைத் திறந்தேன். கை வைக்காமல் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "இப்படிச் சும்மா உக்காந்து பாக்கறதுக்கா அத்தனை தூரம் போய்ப் படிச்சுட்டு வந்தீங்க?" என்று நேராகவே கேட்டார்கள். பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் இப்போது செருப்பு வைக்க நிறைய இடம் இருக்கிறது. எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் பரமத்தி வேலூரிலிருந்து சின்னுசாமி வந்தார். வெற்றிலை விவசாயி, பக்கவாதம், ஊன்றுகோலோடு மெல்ல நடப்பார், பேச்சு இழுத்து இழுத்து வரும். அவருக்குத் தன் கொடிக்காலுக்கு, அதாவது வெற்றிலைத் தோட்டத்துக்கு, போய்வர வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். வெற்றிலைக் கொடிக்கு எப்போதும் ஈரம் வேண்டும், அதனால் வரப்பெல்லாம் வழுக்கும். மகன் செந்தில் அப்பாவை வாசல் தாண்ட விடவில்லை. நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். கொடிக்காலையும் வரப்பையும் பார்த்தேன். கூடமாட யாராவது இருக்கிற நேரத்தில் போய்வரலாம் என்று சொன்னேன்.

செந்தில் மரியாதையாகத்தான் கேட்டார். "வழுக்கி உளுந்துட்டாருன்னா யாருங்க பொறுப்பு? நீங்க ஏத்துக்குவீங்களா?"

வீடே என்னைப் பார்த்தது. அவர் கேட்டதில் தப்பில்லை. மகன் பாசத்தில் கேட்கிறான், ஊரும் அவனைத்தான் கேட்கும். படித்த எந்தப் பாடமும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. என்னால் ஏற்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்காத சின்னுசாமியிடம் திரும்பினேன். "உளுந்துட்டா என்னங்க பண்றது?" என்றேன். அவர் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தார், பொறுங்கள் என்று கை காட்டினேன். சின்னுசாமிக்கு வாய் திறக்கவே வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் காத்திருந்தோம்.

"உளுந்தா... எந்திரிக்கறதுக்கு... சொல்லிக் குடுங்கம்மிணி" என்றார்.

எங்கள் படிப்பில் அது இல்லாமல் இல்லை. ஆனால் நின்று, நடந்து, படியேறி எல்லாம் ஆன பிறகு, நேரமிருந்தால் கடைசியில் சொல்லித் தருவது. விழவே கூடாது என்பதிலேயே குறியாக இருக்கிற நாம், விழுந்தவர் என்ன செய்வார் என்று யோசிப்பதே இல்லை. அன்றைக்கு வாசலில் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தை விரித்து அவரைப் படுக்கச் சொன்னேன். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டு, கட்டில் காலைப் பிடித்து எழ வேண்டும். பாதியில் சரிந்தார். செந்தில் தூக்கப் பாய்ந்தார், நான் செந்திலின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். சின்னுசாமி மறுபடி சரிந்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களிலும் இதே பாடம்தான், கட்டிலுக்குப் பதில் ஊன்றுகோல், ஜமக்காளத்துக்குப் பதில் வரப்பு மண். ஒரு நாள் யாரும் தொடாமல் எழுந்து நின்றார். பிறகுதான் கொடிக்கால்.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். போங்கள், படியுங்கள். நம் கை எங்கே தேவையில்லாமல் போகிறது என்று நம்மூரில் இருந்தால் தெரிவதில்லை, எல்லோர் கையும் அங்கேயே போவதால். ஆனால் அங்கே படித்ததை அப்படியே இங்கே இறக்கிவைத்துவிட்டு விலகி உட்காராதீர்கள். விழலாம் என்று ஒருவரை விடுகிறவர், எழுந்திருக்கவும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் பாடம் தரையிலிருந்து எழுந்திருப்பது. நடை அப்புறம்.

வேலூரிலிருந்து போன் வந்தால் இன்னும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். போன மாதம் செந்தில் கூப்பிட்டார். எடுத்ததும், "அப்பா வரப்புல உளுந்துட்டாருங்க" என்றார். அடி பட்டதா என்று நான் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நாங்க ஓடறதுக்குள்ள எந்திரிச்சுட்டாருங்க."